பூவராகனார் நினைவு நாளும் மூன்று லாரிகளும்

1

இன்று பூவராகனார் செத்த நாள். ‘அமரரான திருநாள்’ என்று கறுப்புக் கட்டம் கட்டிப் போடுவது ஊர்ப் பத்திரிகைகளின் வழக்கம். எனக்கு அந்த மாதிரி வார்த்தைகள் போன வருஷத்தோடு மரத்துப்போய்விட்டன. செத்த நாள் என்றே தட்டுகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் சண்டை முடிந்ததும் கப்பலேறி வந்து நேரில் திட்டலாம். இப்போதைக்குக் கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. முதல் கப்பல் கிளம்பும்போது இந்தக் காகிதங்களும் அதில் ஏறும். அதுவரை இங்குள்ள எங்கள் சங்கத்துத் தமிழ் டைப்ரைட்டர் சும்மா கிடக்கிறது. நானும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே தட்டுகிறேன், வேகமாக. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

பூவராகனாரைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. வெள்ளைக்காரன் ஜெயிலில் போட்டுச் சலித்துப்போன பேச்சாளர். மேடையில் ஏறினால் இறக்க ஆள் வேண்டும். ஒரு முறை மலாயா வந்து தோட்டம் தோட்டமாகச் சுற்றி, கள்ளுக்கடைக்கு எதிராகவும் கூலி உயர்வுக்காகவும் பேசினார். ஊர் திரும்பி மார்வலியில் போய்ச் சேர்ந்தார். இதெல்லாம் நான் இங்கே வருவதற்கு முன்பு நடந்தவை.

போன வருஷம் இதே நாளில் அவருடைய நினைவுக் கூட்டத்துக்கு மூன்று ஜப்பான் லாரிகள் வந்தன. கூட்டத்தில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு சயாமுக்குப் போயின, காட்டுக்குள் ரயில்பாதை போடுகிற வேலைக்கு. ஏறியவர்களில் என் சிநேகிதன் ஆரோக்கியமும் ஒருவன். திருச்சி பாலக்கரை ஆரோக்கியம். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தவன். அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அங்கேதான் போய் முட்டுகிறது.

2

நான் இருப்பது மலாயாவின் வடக்கே, கெடாவில். திகாம் பத்து என்கிற சின்ன டவுனிலிருந்து சைக்கிள் மிதித்தால் சட்டை நனைகிற தூரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். உத்தியோகம் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. பி.ஏ. படித்தவன் கடல் தாண்டிப் போய்ப் பால் வாளி எண்ணுகிறானே என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இப்போது எண்ணுவதற்கு வாளியும் இல்லை. ரப்பரை வாங்க ஆளில்லை என்பதால் மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டிருக்கிறோம். காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு. இரவில் கிழங்கின் இலை.

நாடு விஷயம் இன்னும் வேடிக்கை. நான் வந்தபோது இது வெள்ளைக்காரன் நிழலில் இருந்தது. பிறகு ஜப்பான்காரன் வந்து, கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பு என்றான். விடிவதற்கு முன்பே எங்களுக்குக் காலை ஆகிவிடுகிறது. இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்கிறோம். போன வருஷக் கடைசியில் கெடாவைத் தூக்கிச் சயாம்காரனிடம் கொடுத்துவிட்டான். ஆபீசில் மறுபடியும் வேறு கொடி. நான் படுக்கிற பாய் ஒரு சாண்கூட நகரவில்லை, அதற்குள் மூன்று பேர் ஆட்சியில் குடியிருந்துவிட்டேன். ஆபீஸ் காகிதத்தில் எந்த வருஷத்தைப் போடுவது என்று பெரிய கிராணிக்கும் எனக்கும் வாரம் ஒரு சண்டை. இங்கிலீஷ் வருஷம் போட்டால் அறை விழும். ஜப்பான் வருஷம் இரண்டாயிரத்து அறுநூறைத் தாண்டி ஓடுகிறது. சயாம்காரன் தன் பங்குக்குப் புத்தர் கணக்கு வைத்திருக்கிறான். நான் எனக்குள் ஊர்க் கணக்கைத்தான் ஓட்டுகிறேன்.

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆரோக்கியம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார். அவனிடம் படித்த வாண்டுகள் இப்போது கோலி விளையாடும்போது இச்சி, நீ, சான் என்று ஜப்பான் பாஷையில் எண்ணுகின்றன. எதிரே சைக்கிளில் வந்தால் இடுப்பை வளைத்து வணங்குகின்றன. முதல் தடவை நான் கீழே விழப் பார்த்தேன். அதையும் சகித்துக்கொள்ளலாம். போன மாதம், கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் ஒரு விளையாட்டைப் பார்த்தேன். ஒரு பையன் புர்ர் என்று லாரி ஓட்டுகிறான். இரண்டு பேர் சிப்பாய்கள். மற்றவர்கள் ஒளிய வேண்டும். பிடிபட்டவன் லாரியில் ஏற வேண்டும், ஏறினால் ஆட்டத்தில் இல்லை. என்ன விளையாட்டு என்று கேட்டேன். ‘சயாம்’ என்றார்கள், பாண்டியாட்டம் என்று சொல்வதுபோல.

3

திகாம் பத்தில் ஒரு மளிகைக்கடைக்குப் பின்னால் எங்கள் சங்கம். ஒரு நீளக் கொட்டகை, சுவரில் பெரியவர்களின் படங்கள். சீர்திருத்தக்காரர்கள், தியாகிகள், கவிகள், ஒரு சித்தர். மாதம் ஒருவராவது செத்த நாள் வந்துவிடும். மாலை, பாட்டு, சொற்பொழிவு, ஒரு நிமிஷம் மௌனம், காப்பி. செயலாளர் ஆரோக்கியம். அவனே மேடையலங்காரம் செய்துவிட்டு அவனே கிண்டலும் அடிப்பான்.

“டேய் பி.ஏ., இவங்கள்ல ஒருத்தரையாவது உசுரோட இருக்கிறப்ப கூப்பிட்டு ஒரு காப்பி வாங்கிக் குடுத்திருக்கோமாடா?”

தோட்டத்து ஜனங்கள் இந்தக் கூட்டங்களுக்கு வர மாட்டார்கள். அவர்களுக்குப் பெரியவர் என்றால் பூவராகனார் ஒருவர்தான். காரணம் இருக்கிறது. துரை பந்துத் திடலைக் கொடுக்க மறுத்தபோது, அவர் லயத்துக் குழாயடியில் நின்று பேசினார். அன்று இரவு லயத்திலேயே கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுப் பாய் விரித்துப் படுத்தார். அதற்குப் பிறகு அவர் அவர்களுக்குத் தலைவர் இல்லை. செத்துப்போன வீட்டு ஆள். வீட்டு ஆள் என்றால் தேதி கிடையாது, திதிதான். மாலை கிடையாது, படையல்தான். இலை போட்டு, கருவாட்டுக் குழம்பு, கட்டங்காப்பி, ஒரு சுருட்டு. மூடநம்பிக்கையை ஒழி என்று தொண்டை கிழியக் கத்திய மனிதருக்குச் சுருட்டுப் படையலா என்று நான் கேலி செய்தேன். அவர் புகைத்தாரா இல்லையா என்று திருப்பிக் கேட்டார்கள். புகைத்திருக்கிறார்.

ஆக ஒரே மனிதருக்கு வருஷத்தில் இரண்டு செத்த நாள். சங்கத்துக்கு இங்கிலீஷ் தேதி, லயத்துக்குத் திதி. போன வருஷம் இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. ஊரிலிருந்து பஞ்சாங்கம் வருவது நின்றுவிட்டதால், பக்கத்து டவுனான சுங்கை பட்டாணியில் கோயில் பண்டாரம் கையால் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த ஆரோக்கியத்துக்குத் தரையில் கால் நிற்கவில்லை. லயமும் சங்கமும் ஒரே கூரையின் கீழ், படையலும் சொற்பொழிவும் ஒன்றாக. “இதுவரைக்கும் எந்தச் சங்கமும் செஞ்சதில்லடா” என்றான்.

4

அனுமதி வாங்கச் சுங்கை பட்டாணியில் ஜப்பான்காரன் ஆபீசுக்குப் போனோம். வாசலில் துப்பாக்கிக்காரனை வணங்க வேண்டும். ஆரோக்கியம் வணங்கியது போதாது என்று கன்னத்தில் ஒன்று விழுந்தது. மறுபடி வணங்கினான், இந்த முறை நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்கு. உள்ளே வந்ததும் என் காதில், “கோயில்ல இப்படிக் கும்பிட்டிருந்தா சாமியே எறங்கி வந்திருக்கும்” என்றான். கன்னம் சிவந்திருந்தது.

அதிகாரி மேஜையில் வாளைச் சாத்தி வைத்திருந்தான். மொழிபெயர்த்தவன் மலாயில் கேட்டான். நான் அரைகுறை மலாயில் சொன்னேன். செத்தவர் யார்? இங்கிலீஷ்காரனை எதிர்த்தவர். ஜெயிலுக்குப் போனாரா? போனார். அவ்வளவுதான், முத்திரை விழுந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு படம் மாட்டவே மாதக்கணக்கில் அலைவோம். இங்கே ஒரு சிகரெட் அணைவதற்குள் காரியம் முடிந்தது. அதோடு இன்னொன்றும் சொன்னான். அன்றைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஜப்பான் ராணுவம் சோறு போடும். அரிசிச் சோறு. ஆம்பிளைகள் எல்லோரும் வரட்டும், முக்கியமாக இளைஞர்கள். மொழிபெயர்த்தவன் அதை இரண்டு தடவை சொன்னான்.

அரிசிச் சோறு என்று கேட்டதும் எனக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. வெளியே வந்து தெருவில் ஏறக்குறைய ஆடினோம்.

5

லயத்தில் பாக்கியம் என்று ஒரு அக்கா. பால் வெட்டுகிறவள், முப்பது வயதிருக்கும். படையல் பொறுப்பு அவளுடையது. குரல் உயர்த்தாமலே ஆளைக் குத்தி உட்கார வைத்துவிடுவாள். அவளுடைய அண்ணன் மருதையைத் தோட்டத்திலிருந்து மூன்று மாச வேலை என்று சொல்லிச் சயாமுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று மாசம் எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தவன் தம்பி வேலு, மீசை இப்போதுதான் ஒழுங்காக வருகிறது.

சோற்றுச் செய்தி லயத்தில் பரவிய அன்றே ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். ஆரோக்கியமும் அங்கே இருந்தான்.

“சோறு போடறாங்களாம்ல, சின்னக் கிராணி?”

ஆமாம், வயிறு முட்ட என்றேன்.

“பொம்பளைங்களுக்கு?”

எல்லோரும் வரலாம், ஆனால் ஆம்பிளைகளை அவசியம் வரச் சொன்னார்கள் என்றேன்.

“பசி பொம்பளைக்கும் ஒண்ணுதானே. ஆம்பளய மட்டும் அழைச்சுச் சோறு போடறான்னா, அவன் பசிக்கா போடறான்?”

எனக்கு எரிச்சல் வந்தது. இது அரசாங்க அனுமதியோடு நடக்கிற கூட்டம், முத்திரை குத்திய காகிதம் இருக்கிறது என்று ஏதோ வக்கீல் மாதிரி பேசினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆரோக்கியத்தைப் பார்த்தாள். வாத்தியார் என்றால் அவளுக்குத் தனி மரியாதை.

அவன் சொன்னான்: “அக்கா, நான் மொத வரிசையில உக்காந்திருப்பேன். வேலுவ எம்பக்கத்துல உக்கார வைங்க. ஏதாச்சும்னா என்னைத் தாண்டித்தான் அவனத் தொடணும்.”

“நீங்க சொன்னா வர்றோம் வாத்தியாரே. அவன் ஒருத்தன்தான் இருக்கான், பாத்துக்குங்க. படையல் எங்க கையாலதான்.”

சரி என்றான். லயம் முழுக்க வருவதாகப் பேச்சு முடிந்தது.

6

அப்புறம் வந்தது பிறைக் குழப்பம். இதைச் சொன்னால் ஊரில் சிரிப்பீர்கள்.

பண்டாரத்தின் கணக்கை நாங்கள் சொன்னாலும், லயத்துக்காரர்கள் திதியைத் தங்கள் கண்ணால்தான் எண்ணுவார்கள். அமாவாசை கழிந்து வானத்தில் முதலில் கண்ணில் படுகிற பிறை மூன்றாம் பிறை. அங்கிருந்து விரல் விட்டுக்கொண்டே போக வேண்டும். பூவராகனார் செத்தது வளர்பிறை தசமி. அந்த மாதம் விடாத மழை. ஒரு சாயங்காலம் மேகம் விலகி, நூல் மாதிரி ஒரு பிறை தெரிந்திருக்கிறது. மூன்றாம் பிறை என்று கும்பிட்டுவிட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அது உண்மையில் இரண்டாம் நாள் பிறை. அபூர்வமாக அது கண்ணில் படுவதுண்டாம், பண்டாரம் பிறகு சொன்னார். ஆக லயத்துக் கணக்கு ஒரு நாள் முந்திக்கொண்டது. சனிக்கிழமையே தசமி என்று முடிவு கட்டி, பண்டாரம் கிடக்கிறார் என்று, இலை போட்டுப் படைத்து முடித்துவிட்டார்கள். திதி தவறினால் செத்தவர் பசியோடு திரும்பிப் போவார் அல்லவா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டகையில் மாவிலை, மாலை, படம். வெளியே பெரிய அண்டாவில் சோறு கொதிக்கிறது. அந்த வாசனைக்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். சிப்பாய்கள் சிலர். சாலையோரம் மூன்று லாரிகள். தோட்டத்து ஜனங்களை ஏற்றி வர அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கொட்டகைக்குள் இருந்தது சங்கத்து ஆட்கள் மட்டும். செயற்குழு, பாட்டுக்காரர்கள், மிருதங்கம் வாசிக்கிற பரமசிவம். எல்லாம் சேர்த்து ஒரு டஜன்கூட இல்லை. நேரம் போனது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான். ஆரோக்கியம் என்னை ஓரமாக இழுத்தான்.

“டேய், லயத்துக்குப் போய் ஒரு இருபது பேரயாச்சும் இழுத்துட்டு வாடா. மானம் போவுது.”

சைக்கிளை எடுத்தேன்.

7

லயத்தில் பாக்கியம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நேற்றே படைத்துவிட்டோம் என்று சாவகாசமாகச் சொன்னாள். நான் கத்தினேன். திதி என்ன, பிறை என்ன, காட்டுமிராண்டித்தனம் என்ன என்று எல்லாம் கத்தினேன். படையல் வேண்டாம், சும்மா வந்து உட்காருங்கள், சோறு சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். சோறு என்ற வார்த்தையைக் கேட்டு வாசல்களில் தலைகள் தெரிந்தன. ஒருவரும் நகரவில்லை.

“ஒரு சாவுக்கு ஒரு எலதான் தம்பி. மறுநாளும் போயி நின்னா, அது இன்னொரு சாவு கேக்கும்” என்றாள் பாக்கியம்.

கிழங்கு தின்று நாக்குச் செத்துப்போன ஜனங்கள் அரிசிச் சோற்றை வேண்டாம் என்றார்கள். எனக்கு அதை நம்பவே முடியவில்லை.

வேலு மட்டும் உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். “நான் போறேன்லா, சோறு துன்னுட்டு வந்துர்றேன்” என்றான். பாக்கியம் எழுந்தாள். அவன் உடம்பிலிருந்து சட்டையை உருவி, துவைக்கிற வாளிக்குள் அமுக்கினாள். அவனுக்கு இருந்தது அந்த ஒரு சட்டை. வெற்றுடம்போடு பெரியவருக்கு முன்னால் போய் நிற்க அவனுக்குக் கூச்சம். முனகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். வாத்தியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்க, அடுத்த வருஷம் ஒண்ணா வெச்சுக்கலாம் என்றாள்.

தனியாகத் திரும்பினேன். வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். பெரிய சாலைக்கு வந்தபோது எதிரே லாரிகள் வந்தன. ஓரமாகச் சாய்ந்து நின்றேன்.

முதல் லாரியில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூட்டத்துக்கு உடுத்திய உடுப்பு. பரமசிவத்தின் தலை தெரிந்தது. பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியம். நான் கையைத் தூக்கினேன். அவன் என்னைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கூட்டம் சேர்க்காமல் வெறுங்கையோடு வருகிறேன் என்று கோபம் போலும் என்று நினைத்தேன். எங்கே போகிறார்கள், ஒரு வேளை இடம் மாற்றிவிட்டார்களா என்றுகூட யோசித்தேன். அடுத்த இரண்டு லாரிகளும் காலியாகப் போயின.

கொட்டகையில் யாரும் இல்லை. மாலை போட்ட படம் இருந்தது. மிருதங்கம் தரையில் கிடந்தது. சோற்று அண்டாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அடுப்புக் கற்கள் மட்டும் புகைந்தன. மளிகைக்கடை முதலாளி பலகை இடுக்கு வழியாகத்தான் பேசினார். கதவைச் சாத்தினார்கள், கத்தி முனையில் ஏற்றினார்கள், சயாமுக்காம் என்றார். என்னைப் போல இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று தேடினார்களாம். செயலாளர்தான் இங்கே வேறு யாரும் இல்லை, நாங்கள் இவ்வளவுதான் என்று சொன்னாராம்.

அப்போதுதான் புரிந்தது அவன் ஏன் முகத்தைத் திருப்பினான் என்று. ‘டேய்’ என்று ஒரு சத்தம் போதும், சிப்பாய் திரும்பிப் பார்த்திருப்பான். காலி லாரி இரண்டு பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே, மாவிலைத் தோரணத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இன்றைக்கும் என்னில் ஒரு பகுதி அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

அந்த இரண்டு லாரிகளும் பொழுது சாய்வதற்குள் வேறெங்கோ நிரம்பிவிட்டன என்று கேள்விப்பட்டேன். வேறு தோட்டம், வேறு ஜனங்கள். அவர்களுக்கு எந்தப் பிறையும் தப்பாகத் தெரியவில்லை.

8

பாக்கியம் ‘நான்தான் சொன்னேனே’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவள் என் சட்டையை வாங்கித் துவைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். கெடாவைச் சயாமோடு சேர்த்த செய்தி வந்த அன்று ஆபீசுக்கு வந்து, கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“சயாமே இங்க வந்துருச்சே தம்பி. அப்ப அங்க போனவங்களத் திருப்பி விட்டுரலாம்ல?”

பெரிய கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

போன வாரம் ஒரு செய்தி வந்தது. மிருதங்கக்காரர் பரமசிவம் திரும்பிவிட்டார், கோத்தா கோலா மூடாவில் மீன் கருவாடு போடுகிற உறவுக்காரர் வீட்டில் கிடக்கிறார் என்று. விழுந்தடித்துக்கொண்டு போனேன். ஆற்று முகத்துவாரத்தில் தட்டிகளில் மீன் காய்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு குடிசை. உள்ளே ஒரு கிழவர் படுத்திருந்தார். பரமசிவம் எங்கே என்று அவரிடமே கேட்டேன். அவர்தான் பரமசிவம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அவ்வளவுதான். காலில் எலும்பு தெரிகிற அளவுக்குப் புண். தப்பி ஓடி, காட்டிலும் ரயில் கூரையிலுமாக வந்திருக்கிறார்.

ஆரோக்கியத்தைக் கேட்டேன்.

“வாத்தியாரு மழ காலம் வரைக்கும் எங்ககூடத்தான் இருந்தாரு. அப்பறம் காய்ச்ச. நோயாளிக் கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போனாங்க.”

“பாத்தீங்களா?”

“எத?”

அவரே புரிந்துகொண்டார்.

“இல்ல தம்பி. பொணத்த நான் பாக்கல. மறுநாளே எங்கள வேற கேம்புக்கு வெரட்டிட்டானுங்க. ஆனா அந்தக் கொட்டாய்லேர்ந்து ஒருத்தன் நடந்து வந்தும் நான் பாத்ததில்ல.”

எந்த மாதம், என்ன கிழமை என்று கேட்டேன். அங்கே கிழமை கிடையாது என்றார்.

திரும்பும் வழியில் சுங்கை பட்டாணி மாதாகோயிலில் இறங்கினேன். ஆரோக்கியம் ஞாயிறுதோறும் போகிற இடம். சாமியார் பொறுமையாகக் கேட்டார். செத்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நவம்பரில் ஒரு நாள் உண்டு, நாள் தெரியாதவர்களுக்கும் அது பொருந்தும், அவன் பெயரையும் வாசிக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

9

இன்று காலை சங்கத்தைத் திறந்து கூட்டினேன். அனுமதி எதுவும் கேட்கவில்லை, ஆளும் கூப்பிடவில்லை. படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பாக்கியம் வந்தாள், வேலுவும் கூட. லயத்திலிருந்து மூன்று நான்கு பெண்கள். சாலையை முதலில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நுழைந்தார்கள்.

அடுத்த வருஷம் ஒண்ணா வெச்சுக்கலாம் என்று சொன்னபடி, இந்த முறை திதியை விட்டுச் சங்கத்துத் தேதிக்கே பெரியவருக்கு இலை போட்டாள். கிழங்கு, கருவாடு. காப்பி கிடையாது, சோளத்தை வறுத்து இடித்த தண்ணீர். சுருட்டுக்குப் பதில் ஏதோ இலையைச் சுருட்டி வைத்தாள். கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அப்புறம் கூடையிலிருந்து இன்னொரு இலையை எடுத்து, பக்கத்தில் விரிக்கப் போனாள்.

“அது யாருக்குக்கா?”

“வாத்தியாருக்கு.”

“எடுங்க அத.”

“பரமசிவம் சொன்னது லயத்துக்கே தெரியும் தம்பி.”

“பொணத்தப் பாக்கலன்னும்தான் சொன்னாரு. எடுங்கக்கா.”

வேலு தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோளில் அதே சட்டை. இப்போது கிழிசல் அதிகம். பாக்கியம் இலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

இலையைச் சுருட்டிக் கூடைக்குள் போட்டாள். சங்கத்து அலமாரியில் இருந்த எனாமல் பூசிய மங்குத் தட்டை எடுத்துத் துடைத்தாள். அதில் கிழங்கும் கருவாடும் வைத்தாள். இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, என் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“செத்தவங்களுக்குத் தெறந்து வெக்கணும். வரப்போறவனுக்கு மூடி வெக்கணும், ஈ மொய்க்கும்ல. எங்கண்ணனுக்கும் தெனம் அப்படித்தான் வெக்கிறேன்.”

தினமுமா என்றேன். ஒரு வருஷத்துக்கு மேலாகவா?

“தெனமுந்தான். ராத்திரியானா நாங்களே எடுத்துத் தின்னுருவோம். பசிக்காதா?”

அவர்கள் போய்விட்டார்கள். நான் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாலக்கரையில் மாதாகோயிலுக்கு எதிர்ச் சந்தில் ஆரோக்கியத்தின் அம்மா இருக்கிறார்கள். இதைப் படிப்பவர்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், லாரி விஷயத்தை மெதுவாகச் சொல்லுங்கள். நோயாளிக் கொட்டகையையும் மறைக்க வேண்டாம், அவர்களுக்குத் தெரிய உரிமை இருக்கிறது. ஆனால் யாராவது நாள் குறிக்கச் சொன்னாலும், பூசைக்குப் பெயர் கொடுக்கச் சொன்னாலும், இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பதில் ஒரு தட்டில் கொஞ்சம் போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். பொழுது போனதும் அவர்களே எடுத்துச் சாப்பிடலாம், தப்பில்லை. மறுநாள் மறுபடியும் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.